ஜாயிண்டுக்குள் புழு ஓட்டை

தொண்ணூறுகளின் பிற்பகுதி. தசரா முடிந்த கையோடு, மைசூரில் தொழிற்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் நடந்தது இது. நான் அங்கே தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். வெல்டிங் பட்டறையில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்தே கேட்டது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஊறுகாயா போடுவேன்? கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் தினமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தேன். ஒரு ஜாயிண்டைப் பார்த்தால் அதற்குள் என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், போங்கள்.

அப்போது எங்களுக்கு டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் குழாய் வேலை வந்திருந்தது. ஏதோ ரசாயன ஆலைக்கு, ஆசிட் ஓடுகிற குழாய்கள். டூப்ளெக்ஸ் என்பது எவர்சில்வர் குடும்பத்திலேயே கோபக்காரப் பிள்ளை. சூடு கூடினாலும் முறைக்கும், குறைந்தாலும் முறைக்கும். குழாய் இணைப்பின் அடியில் முதல் வெல்டிங் கோட்டை ஒருவர் போட்டுத் தருவார். அதன்மேல் நிரப்பும் வேலையை ஃப்ளக்ஸ் கோர் கம்பியில் இரண்டு பேர் செய்தார்கள். அந்த இருவரில் ஒருவர்தான் இந்தக் கதைக்கு உரியவர். மலையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளிக்காரர், என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். கோடு போட்டால் பூத்தொடுத்த மாதிரி இருக்கும். அந்த வருடம்தான் மனைவியையும் பிள்ளைகளையும் ஊரிலிருந்து கூட்டிவந்து மைசூரில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார்.

ஆயுதபூஜை லீவு முடிந்து வேலை தொடங்கியதும் வினை ஆரம்பித்தது. அவர் போட்ட ஜாயிண்டுகளின் எக்ஸ்ரே ஃபிலிம் வந்தது. உள்ளே வரிவரியாக ஓட்டை. இன்னொரு வெல்டர் போட்டதெல்லாம் சுத்தம், இவருடையது மட்டும் வரிசையாக ஃபெயில். மேலே படிந்த கசட்டைத் தட்டிப் பார்த்தால், புழு ஊர்ந்துபோன தடம் மாதிரி உலோகத்தில் பள்ளம்.

"என்ன ஆச்சுன்னே தெரியலீங்க மேடம். கை அதே கைதானுங்க. போட்டா புழுவு அரிச்சாப்ல வருது."

பட்டறையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண் பட்டுவிட்டது என்றார் ஒருவர். லீவில் தண்ணி ஓவராகிப் போயிருக்கும் என்றார் இன்னொருவர். பாவம், அந்த மனிதர் டீயைத் தவிர எதையும் தொடாதவர். ஆனால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லச் சொல்ல, தன் கையில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அந்தப் புழுவின் மேல். என் கண்ணுக்குத் தெரியாமல் எங்கேடா ஒளிந்திருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். கேஸ் சிலிண்டரை மாற்றினோம். ஹோஸ் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. காற்று கேஸைக் கலைக்கிறதோ என்று ஷட்டரை இறக்கி, ஃபேனை நிறுத்தி, எல்லோரையும் வேர்க்க வைத்தேன். குழாய் முனையை மறுபடி துடைக்கச் சொன்னேன், வோல்டேஜை ஏற்றி இறக்கினேன். புழு போகவில்லை.

கடைசியில் மெஷினை மாற்றச் சொன்னேன். இவர் போய் இன்னொரு வெல்டரின் மெஷினில் ஒரு துண்டு போடட்டும். ஓட்டை வராவிட்டால் மெஷினில் கோளாறு, வந்தால் ஆளிடம். அவ்வளவுதானே? சொல்லி முடிப்பதற்குள் ஆபீசில் போன் வந்து நான் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது துண்டு தயாராக இருந்தது. கசட்டைத் தட்டினேன். சுத்தமான மெஷினிலும் அதே புழு.

ஆலையின் சார்பில் வந்து எங்கள் வேலையைச் சோதிக்கும் அதிகாரி பக்கத்திலேயே நின்றிருந்தார். அதற்குமேல் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நாளைக்கு இன்னொரு துண்டு, அதுவும் ஃபெயிலானால் இந்த ஆளின் வெல்டர் கார்டை ரத்து செய்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வெல்டர் கார்டு என்பது அவர் குழாயைத் தொடலாம் என்பதற்கான அனுமதி. அது போனால் ஜன்னல் கம்பி, கேட்டு என்று தெருத்தெருவாக அலைய வேண்டியதுதான். எங்கள் முதலாளி அதுவும் கொடுக்க மாட்டார், நேராக ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்.

அண்ணன் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். "கை போயிருச்சுங்க மேடம்," என்றார்.

"கையும் போகல, காலும் போகல. சும்மா இருங்கண்ணா," என்று அதட்டினேன். கை கெட்டால் கோடு கோணும், ஓரம் அரிக்கும். இந்த மாதிரி புழுத்தடம் ஈரத்தில்தான் வரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஈரம் எங்கே? இன்னொரு வெல்டரின் மெஷின் பக்கத்திலேயே நின்று யோசித்தேன். அதில் மாட்டியிருந்த கம்பிச் சுருளைக் கையால் திருப்பினேன். சுருளின் பக்கவாட்டில் மஞ்சள், அதன் நடுவில் குங்குமப் பொட்டு. கம்பி அடுக்குக்குள் ஒரு காய்ந்த சாமந்தி இதழ் வேறு.

"இது யாரோட கம்பிண்ணா?"

"என்னுதுதானுங்க. என் மெஷின்லருந்து கழட்டியாந்து மாட்டுனேன். பூஜையில வச்ச கம்பிங்க மேடம். நான் இதுலதான் போடுவேன்."

எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது. மெஷின் மாறியது, சிலிண்டர் மாறியது, எல்லாம் மாறியது. இந்தச் சுருள் மட்டும் அவர் கூடவே போய்க்கொண்டிருந்தது.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆயுதபூஜைக்கு எல்லோரும் சுத்தியல், கிரைண்டர் என்று கழுவித் துடைத்து வைத்தபோது, இவர் ஒரு புதுச் சுருளின் உறையைப் பிரித்து சாமி படத்தின் முன்னால் வைத்திருக்கிறார். உறையோடு வைத்தால் சாமிக்கு வைத்த மாதிரி ஆகாதே! பூஜை செய்தவர் மாவிலையில் கலசத் தண்ணீரைத் தெளித்திருக்கிறார். லீவு முழுக்க வெளியே மழை, சுருள் வாழைக்கன்றுக்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது.

"சரி, வேலை ஆரம்பிச்ச அப்புறம்? ராத்திரி ஓவன்ல வைக்கலையா?" என்று கேட்டேன். எங்கள் ஸ்டோரில் கம்பிகளை ஈரம் படாமல் சூட்டில் வைக்கும் பெட்டி ஒன்று உண்டு, அதைத்தான் ஓவன் என்போம்.

"இதப் போயி அதுல போடுவாங்களாங்க? வேலை முடிஞ்சதும் சாமி படத்துக்கிட்டயே வச்சுருவேன். ஓட்டை வர ஆரம்பிச்சதுலருந்து கற்பூரமும் காட்டறேனுங்க."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நோய்க்கு மருந்து என்று நினைத்து அந்த மனிதர் நோயையே கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். வாய்வரை வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் சிரிக்க முடியாது.

"அண்ணா, இந்தக் கம்பி உள்ளுக்குள்ள ஒரு குழல். அதுக்குள்ள பொடி அடைச்சிருக்கு இல்லையா? அப்பளத்தை மழைக்காலத்துல வெளிய வச்சா என்ன ஆகும்? நமுத்துப்போகும். அதே மாதிரி இந்தப் பொடியும் நமுத்துப்போச்சு. நெருப்புல போனதும் அந்த ஈரம் ஆவியாகி வெளிய ஓடப் பார்க்குது. அதுக்குள்ள உலோகம் இறுகிடுது. ஓடின வழி ஓட்டையா நின்னுடுது."

அவர் சுருளைக் கழற்றிக் கையில் எடுத்தார். "அப்ப சாமி மேல தப்பாங்க?"

"சாமி என்ன பண்ணும்? சாமிக்கு வச்சதைச் சாமிகிட்டயே விட்டிருக்கணும். திருப்பி எடுத்து மெஷின்ல மாட்டினது நாமதானே?"

அது அவருக்குச் சரியாகப் பட்டது. சுருளைத் துடைத்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். மறுநாள் ஓவனிலிருந்து சூடாக எடுத்த சுருளை நானே கொண்டுவந்து கொடுத்தேன். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் முகமூடியை இறக்கினார். முடிந்து கசட்டைத் தட்டியதும் அது ஒரே ஓடாகக் கழன்று விழுந்தது, கீழே பழைய பூத்தொடுத்த கோடு. ஃபிலிமும் சுத்தம். நான் எதையும் மறைக்காமல் அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். கம்பியை வெளியே வைத்ததற்குத் திட்டினார், நன்றாகவே திட்டினார். பூஜைக்குப் பிறகு அந்தச் சுருளில் போட்ட ஜாயிண்ட் எல்லாவற்றையும் வெட்டிப் போடச் சொன்னார். கார்டைத் தொடவில்லை. நான் அன்று வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் தரையிலேயே ஓடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லும் கதையாகப் போயிருக்கும். ஆனால் அடுத்த நாள் காலை, முதல் லாட் குழாய்களை ஏற்றிய லாரி புறப்படத் தயாராக நின்றது. அவை பூஜைக்கு முன்பே முடிந்து, ஃபிலிம் பாஸாகி, வாய்க்கு மூடி போட்டு வைத்தவை. அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அப்போது அண்ணன் சாக்பீஸோடு வந்து லாரி மேல் ஏறினார். இரண்டு ஜாயிண்டுகளைச் சுற்றி வட்டம் போட்டார்.

"மேடம், இதுலயும் அந்தக் கம்பி இருக்குதுங்க."

"இது பூஜைக்கு முன்னாடி முடிஞ்சதுண்ணா."

"முடிஞ்சதுதாங்க. லீவு கழிச்சு வந்து பாத்தப்ப மேல கொஞ்சம் பள்ளமாத் தெரிஞ்சுது. அழகா இருக்கட்டும்னு ஒரு கோடு மேல ஓட்டிட்டேன். யாருகிட்டயும் சொல்லலீங்க."

முதலாளி கன்னடக்காரர், எங்களோடு பாதித் தமிழ் பேசுவார். "ஏனப்பா இது! ஃபிலிம் பாஸ் ஆச்சு, யாரு கேட்டா உன்ன? லாரி போகட்டும் பிடு, விட்டுடு!" என்று கத்தினார். அண்ணன் இறங்கவில்லை. நான் கிரைண்டரை எடுத்துவரச் சொன்னேன். குழாயை இறக்கி மேல்கோட்டைத் தேய்த்தோம். பளபளப்புக்கு அடியில் புழு வரிசையாகப் படுத்திருந்தது. ஆசிட் ஓட வேண்டிய குழாய் இப்படியே லாரி ஏறிப் போயிருக்கும்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து வெல்டர் கார்டை எடுத்து, யாரும் கேட்காமலே அதிகாரியிடம் நீட்டினார். முதல் நாள்தான் தப்பித்த கார்டு. அதிகாரி வாங்கினார். அதிலிருந்த போட்டோவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். பிறகு அவரே அதைத் திரும்ப அண்ணனின் பையில் செருகிவிட்டு, இந்த ரெண்டையும் இவரே சரிபண்ணட்டும் என்று முதலாளியிடம் சொன்னார். லாரி அன்று போகவில்லை.

டீ குடிக்கும்போது நான் விடவில்லை. "ஏண்ணா, வாயை மூடிட்டு இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காதே?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "சாமி முன்னாடி வச்ச கம்பிங்க மேடம். அதுல போட்டத மறைக்க மனசு வரலீங்க."

நமுத்த கம்பியைக் கண்டுபிடித்ததில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் என் கண்ணுக்கு எட்டாத அந்த இரண்டு ஜாயிண்டுகளைப் பிடித்துக் கொடுத்தது நான் சிரிக்கப் பார்த்த அதே பக்திதான் என்பதால், ஒருவர் எதை நம்பிக் கும்பிடுகிறார் என்று பார்த்துச் சிரிக்க இன்றுவரை எனக்கு மனம் வந்ததில்லை.