சவர்க்காரம் ஆகாத நல்லெண்ணெய்

தாவர எண்ணெயிலிருந்து பிளாஸ்டிக் செய்யலாம் என்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சியே அதுதான். எண்ணெய் மூலக்கூறில் சரியான இடம் பார்த்து ஒட்சிசனை ஏற்றிவிட்டால், அதைச் செங்கல் மாதிரி ஒன்றோடொன்று இணைத்து ஸ்பொஞ்சு, பசை, பூச்சு என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம். இறப்பர் விதை எண்ணெய் சொன்னபடி கேட்டது. அடுத்து நல்லெண்ணெய்.

கெலிஓயாவில் ஒரு கடையில் பீப்பாயிலிருந்து அளந்து இரண்டு போத்தல் வாங்கினேன். ஒன்று ஆய்வுகூடத்துக்கு. மற்றதை மடுல்கெல்லையில் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். அக்கா மகள் அந்த வாரம்தான் பெரியபிள்ளை ஆகியிருந்தாள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்க வேண்டுமே.

ஆய்வுகூடத்தில் என் போத்தல் அசைந்து கொடுக்கவில்லை. சூடாக்கினேன், பேரொட்சைட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், நாள் முழுக்கக் கலக்கினேன். போட்டது போட்டபடியே கிடந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பழைய பேரொட்சைட்டைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று ஸ்டோர்காரரோடு சண்டை போட்டேன். புதுசு வந்தது. அதற்கும் மசியவில்லை.

கடைசியில் எண்ணெயையே சோதித்தேன். அயடீன் கரைசலின் நிறம் மங்க வேண்டும், மங்கவில்லை. கோஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்தேன். தாவர எண்ணெய் எதுவானாலும் சவர்க்காரமாகி நுரைத்துவிடும். இது பேசாமல் மேலே மிதந்தது. எள் வாசனை ஏற்றிய மெஷின் எண்ணெய்.

மடுல்கெல்லைக்குப் போன போத்தல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அக்காவுக்குக் கோல் எடுத்து, உடனே நிறுத்தச் சொன்னேன். பிள்ளைக்கு வயிற்றோட்டம், இருமலும் இருக்கிறது என்றாள் அக்கா. இந்த எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கினால் என்னாகும் என்று எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை. பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, வயிறும் தானாகச் சரியாகிவிடும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ருசி வித்தியாசமாக இருந்திருக்குமே, பிள்ளை எப்படிக் குடித்தாள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"மொத நாளே துப்பிட்டா," என்றாள் அக்கா. "கெம்பஸ்ல எண்ணெயப் பத்தியே படிக்கிற சித்தி பாத்து வாங்கினதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசாம குடிச்சா."