அப்பா உலர்த்திய கீபோர்டு

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் மக்கர் பண்ணினாலும் அப்பா முதலில் அதைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். ஏலக்காய்க்காரர் பழக்கம். நன்றாகக் காய்ந்த காய் குலுக்கினால் கலகலக்கும். ஈரம் இருந்தால் சத்தமே வராது. டார்ச் லைட், ரிமோட், மூன்றாம் வகுப்பில் எனக்கு வாங்கித் தந்த பொம்மை ரயில், எதுவும் இந்தச் சோதனையிலிருந்து தப்பியதில்லை.

அந்த வருடம்தான் அக்கா பிளஸ் டூ முடித்தாள். சென்னையில் ஓர் இசைக் கல்லூரியில் சேர ஆசைப்பட்டாள். சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டு, பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். “அம்புட்டுத் தூரம் எதுக்குத்தா?” என்று அப்பா முனகினார். ஆனாலும் கம்ப்யூட்டரில் இணைத்து வாசிக்கும் கீபோர்டைப் போடியிலிருந்து அவரேதான் ஜீப்பில் உரமூட்டைகளோடு ஏற்றி வந்தார். போடிமெட்டைத் தாண்டி எங்கள் தோட்ட வீடு வரைக்கும் தூறல்.

வெள்ளிக்கிழமை அக்கா ஒயரைச் செருகினாள். விளக்கு எரிந்தது, கட்டைகளை அமுக்கினால் சத்தம் மட்டும் இல்லை. அப்பா அதையும் தூக்கிக் குலுக்கினார்.

“ஜீப்புல நனைய விட்டுட்டீங்கல்லப்பா. என் படிப்பே போச்சு” என்று அக்கா அழுதாள். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. மறுநாள் காலை, வாங்கிய கடையில் விவரம் கேட்க அம்மாவோடு அவள் போடிக்கு இறங்கிப் போனாள்.

மதியம் அப்பாவைத் தேடிக்கொண்டு, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்தேன். அனல் அடிக்கும் குழாய்களுக்கு மேலே, காய் பரப்பும் தட்டில் கீபோர்டு மல்லாந்து கிடந்தது. வேர்வையில் தெப்பமாக நனைந்திருந்த அப்பா அதை மெல்லப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நீ வெளிய போ பாப்பா, சூடு ஒனக்கு ஆகாது” என்றார்.

சாயங்காலம் அக்கா ஜீப்பிலிருந்து குதித்து ஓடி வந்தாள். “அதுக்குச் சொந்தமாச் சத்தமே கிடையாதாம்! கம்ப்யூட்டருல ஒரு சாஃப்ட்வேர் போடணுமாம். சத்தம் அதுலதான் வருமாம்!”

நான் முந்திக்கொண்டேன். “நீ மெட்ராஸ் போகக் கூடாதுன்னு அப்பா அதை ஸ்டோருல போட்டு வேக வச்சிட்டாருக்கா!”

அப்பா மறுக்காமல், கீபோர்டைத் துண்டால் துடைத்து அக்கா முன்னால் வைத்தார். சாஃப்ட்வேர் போட்டதும் சத்தம் வந்தது. ஆனால் நடுவில் நாலு கட்டைகள் வளைந்து, அமுங்கவே இல்லை. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அந்த நாலையும் தொடாதபடி மெட்டையே மாற்றி, பதிவு செய்து, ஞாயிறன்று அனுப்பிவிட்டாள். இடமும் கிடைத்தது. சென்னைக்குப் பஸ் ஏறும் வரை அவள் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று அந்த ஸ்டோரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பத்து நிமிடம் உள்ளே நின்றாலே கண் எரிகிறது. அப்பா அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த அனலை விட்டு நகரவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. யாரும் வந்து கீபோர்டைக் காப்பாற்றிவிடக் கூடாதென்று காவல் இருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.