ஸ்கூடாய்க்கு ஒரு குழாய் ரத்தம்

செவ்வாய், காலை 8.30. ஈப்போவில், ஜொகூரின் லார்கின் நிலையத்துக்குப் போகும் பேருந்து ஏறினேன். ஏறக்குறைய ஐந்நூற்று முப்பது கிலோமீட்டர், கட்டணம் அறுபத்தைந்து ரிங்கிட். குளிர்காற்று மட்டும் கேட்டதற்கு மேல் கிடைத்தது. இந்த வயதில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து போக ஜொகூரில் அப்படி என்ன இருக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி வைத்தேன். அது பாதி உண்மை.

மீதி உண்மை, என் சித்தி மகள் ஜெசிந்தாவின் தொலைபேசி. பெர்மாஸ் ஜெயாவில் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. "அண்ணே, ஒரு வாரம் வந்து இருங்க. யார்கிட்டயும் சொல்லல. செங்கும் நானும் ரெண்டு பேரே உக்காந்து பயந்துக்கிட்டு இருக்கோம்," என்றாள். இதற்கு மேல் என்ன கேட்பது?

மாலை 5.40. லார்கின் நிலையத்துக்கு அவள் கணவர் ஆ செங் வேன் கொண்டு வந்திருந்தார். தெப்ராவில் உறைய வைத்த மீன், இறால் மொத்த வியாபாரம். வேனே அதைச் சொல்லும். அவருடைய அப்பா ரப்பர்த் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் ஆ செங்கின் தமிழ் என் தமிழுக்கு இளைத்ததல்ல. வசவில் என்னை விடக் கெட்டிக்காரர்.

வீட்டில் என் மனைவி கொடுத்தனுப்பிய சின்னச் சட்டையை நீட்டினேன். ஜெசிந்தா பொட்டலத்தைப் பிரிக்காமலே அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

"ரிசல்ட் வரட்டும்ணே. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

விஷயம் இதுதான். ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் பொருளைச் செய்ய ஆல்பா என்ற மரபணு நம் ஒவ்வொருவருக்கும் நான்கு உண்டு. அம்மா வழி இரண்டு, அப்பா வழி இரண்டு. ஆ செங்குக்கு ஒரு பக்கத்து இரண்டுமே இல்லை. சீனக் குடும்பங்களில் இது அதிசயமல்ல, மனிதர் மூட்டை தூக்குகிறார். ஜெசிந்தாவுக்கும் இரண்டு குறைவதாகத் தெரிந்தது. எந்த இரண்டு என்பதுதான் கேள்வி. பக்கத்துக்கு ஒன்றாகப் போயிருந்தால் தப்பித்தார்கள். அவளுக்கும் ஒரே பக்கத்தில் இரண்டும் இல்லையென்றால், பிறக்கும் குழந்தைக்கு நான்கும் இல்லாமல் போக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படிப்பட்ட குழந்தை பிழைப்பது மிக அரிது. ஜெசிந்தாவுக்கு அப்போது பத்தாவது வாரம்.

சித்தியும் சித்தப்பாவும் இருந்திருந்தால் அவர்கள் ரத்தத்தை வைத்தே சொல்லியிருக்கலாம். இருவரும் காலமாகிவிட்டார்கள். வழக்கமான சோதனைகளுக்கு அவளுடைய குறை எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை, அரிய வகையாம். மரபணுவைச் சிறு துண்டுகளாக்கிப் படிக்கும் முறையும் இங்கே தடுமாறும். அருகருகே இருக்கும் இந்த இரண்டு மரபணுக்களும் அச்சு அசல் இரட்டையர், துண்டைப் பார்த்து இது யாருடையது என்று சொல்வது கடினம். நறுக்காமல் நீள இழையாகப் படித்தால் இரண்டும் இருக்கும் இடம் அப்படியே தெரியும். அந்த வசதி ஸ்கூடாயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. மருத்துவர் ஏற்பாடு செய்திருந்தார்.

முதல் ரத்தம் வீணாகிவிட்டது. மருத்துவகத்தில் மாலையில் எடுத்துக் கொடுத்த குழாயை ஆ செங் இரவு முழுக்கத் தன் கடையின் உறைபெட்டியில் வைத்துவிட்டார். காலையில் நெரிசலில் உருகி, ஆய்வுக்கூடத்தில் மறுபடி உறைந்து, உள்ளே இருந்த இழையெல்லாம் நொறுங்கிப் போயிற்று.

"ஃப்ரெஷ்ஷா இருக்கணும்னா ஃப்ரீசர்தானே, அண்ணே? இருவது வருஷமா எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

புதன், காலை 8.20. மருத்துவகத்தில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இம்முறை குழாய் ஒரு சிறு குளிர்பெட்டியில், பெட்டி ஜெசிந்தாவின் மடியில். ஸ்கூடாய் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் எல்லாரும் பறக்க, ஆ செங் நாற்பதைத் தாண்டவில்லை. வேகத்தடை வந்தால் வேனை நிறுத்தி, யோசித்து, தவழ்ந்து ஏறினார். பின்னால் வந்த லோரி ஒலியெழுப்பி ஓய்ந்து, கடைசியில் பக்கத்தில் வந்து ஹொக்கியன் சீனத்தில் ஏதோ வாழ்த்தியது.

"என்ன சொல்றான்?" என்றேன்.

"நல்ல வார்த்த இல்ல."

காலை 9.50. ஆய்வாளர் தர்ஷினி வாசலுக்கே வந்து பெட்டியை வாங்கினார். யாழ்ப்பாண வழிக் குடும்பம். பாட்டனார் ரயில்வேயில் இருந்தவராம். ஆ செங் நாற்பதில் ஓட்டி வந்த பெருமையைச் சொன்னதும் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இழை ரத்த செல்லுக்குள்ள இருக்கிற வரைக்கும் குலுங்கினா பரவால்லங்க. வெளிய எடுத்தப்புறம்தான் நாங்க மெதுவா போகணும்."

"அலமாக்! அப்ப நான் வந்தது?"

"லோரிக்காரன் திட்டுனது மிச்சம்," என்றாள் ஜெசிந்தா. நான் வந்த பிறகு அவள் செய்த முதல் கேலி.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்க்க அனுமதித்தார்கள். ஓர் இளம்பெண் உறிஞ்சு குழாயின் முனையைக் கத்தரித்து, வாயை அகலமாக்கிக்கொண்டாள். குறுகிய வாய் இழையை அறுத்துவிடுமாம். இழை கரைந்த நீர் கஞ்சியைப் போல் கொழகொழத்தது. அதைப் படிக்கும் கருவி என் கைக்குள் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத துளை வழியே இழை நுழையும்போது மின்னோட்டம் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து எழுத்துகளைக் கணிக்கிறார்கள். தசை வலுவிழக்கும் சில நோய்களில் ஒரே எழுத்துக்கூட்டம் நூற்றுக்கணக்கான முறை திரும்ப வருமாம். துண்டுகளில் அதை எண்ண முடியாது, நீள இழையில் எண்ணலாம். பெயர் தெரியாத நோயோடு ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகள் ஏறி இறங்கிய சிலருக்கு இங்கே பெயர் கிடைத்திருக்கிறது என்றார் தர்ஷினி. மருந்து? அதற்கு அவர் உறுதி சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு ஒரு வாரம் காத்திருப்பு. பெர்மாஸ் ஜெயாவைப் பற்றி எழுத அதிகமில்லை: வரிசை வீடுகள், கார்கள், விடியுமுன் சிங்கப்பூருக்குக் கிளம்பும் மோட்டார் சைக்கிள்கள். தே தாரிக் என்னும் இழுத்தாற்றிய தேநீர் இரண்டு ரிங்கிட் ஐம்பது, ஈப்போக்காரனுக்கு இனிப்பு அதிகம். ஜெசிந்தா பள்ளிக்குப் போனாள், வந்தாள், நோட்டுகள் திருத்தினாள். வயிற்றில் இருப்பதைப் பற்றிப் பேச நேர்ந்தால் "அது" என்றாள். நான் பல இடம் சுற்றியவன், எதற்கும் அசையாதவன் என்று பேர். அந்த வாரம் சுவர் நாட்காட்டியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தேன்.

புதன், மாலை 4.15. ஜெசிந்தா தொலைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"டாக்டருக்கு ரிப்போர்ட் போயிருச்சு. உடனே சொல்லச் சொன்னாங்க," என்றது தர்ஷினியின் குரல். "பக்கத்துக்கு ஒண்ணுதான் போயிருக்கு. பிள்ளைக்கு உங்ககிட்டேருந்து ஒண்ணு கட்டாயம் வரும்."

ஆ செங் எழுந்து நின்றார். ஏன் நின்றோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ரத்தசோகை வர சான்ஸ் பாதிக்குப் பாதி இருக்கு. டாக்டர் தொடர்ந்து பாப்பாங்க. ஆனா நீங்க பயந்தீங்களே, அது இல்ல."

ஜெசிந்தா நன்றி சொல்லி வைத்துவிட்டுத் திருத்திக்கொண்டிருந்த நோட்டை எடுத்தாள். இரண்டு பக்கம் திருத்தினாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும்தான்.

வியாழன், காலை 7.30. ஜெசிந்தா பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட, லார்கினுக்கு மூவரும் கிளம்பினோம். என் காலடியில் ஆ செங் கட்டிக் கொடுத்த இறால் பெட்டி. கல்லாக உறைந்தது, ஈப்போ வரை தாங்கும் என்று உத்தரவாதம் தந்தார். போன புதன் நாற்பதில் தவழ்ந்தவர் இன்று சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினார். முதல் வேகத்தடையில் வேன் துள்ளியது, என் தலை கூரையில் மோதியது. ஜெசிந்தா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"மெதுவாப் போங்க லா! உள்ள பிள்ள இருக்கு!"