மேல்தட்டில் இருந்த நீலப் பை

நான் அந்தப் பையைப் பார்த்தேன்.

மூன்று வருடங்களாக ‘பார்க்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பத்மாவிடம் சொன்னேன். ஜெயசீலியிடம் சொன்னேன். ரயில் நிலையத்தில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பொய்! ரயில் பெட்டியின் மேல்தட்டில், சுவரோரமாக ஒதுங்கிக் கிடந்தது அந்த நீல ரெக்சின் பை. அது யாருடையது, உள்ளே இருப்பது எத்தனை மாத உழைப்பு... எல்லாம் அறிந்தே அதை விட்டுவிட்டு இறங்கினேன்.

உங்களிடம் சொல்வதற்கு ஒரே காரணம், உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதுதான். என்னைத் தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

என் பெயர் ரோஸ்லின். கோலார் தங்கவயலில், நந்திதுர்க் பக்கம் வீடு. பெங்களூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டியில் போய், இருட்டிய பின் திரும்புகிறவள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வாழ்க்கை அந்த வண்டியில்தான் கழிகிறது.

பெண்கள் பெட்டியில் சிலர் காய் நறுக்குவார்கள். சிலர் ஜெபமாலை சொல்வார்கள். நான் துணி தைப்பேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணித்துண்டை மடித்து நூலோட்டி, ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே போனால் ஒரு நாள் போர்வையாகிவிடும். குயில்ட் என்பார்கள். முதலில் பத்மா கற்றுக்கொண்டாள். பிறகு இன்னும் நாலைந்து பேர். ராபர்ட்சன்பேட்டைத் தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளை வாங்கி வந்து பங்கு பிரித்துக்கொள்வோம். வாட்ஸாப்பில் எங்களுக்கென்று ஒரு குழு. புதிதாக யார் என்ன முடித்தாலும் படம் வரும். என் வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய, நிறம் நிறமாக அடுக்கிய துணிகள். எவருக்கு எந்த நிறம் குறைந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். எந்த மூலை கோணினாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சர்ச் ஹாலில் எங்கள் போர்வைகளைத் தொங்கவிடுவோம். நடுச்சுவர் எனக்கு. அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை... அது அப்படித்தான் என்று இருந்தது.

அப்புறம் ஜெயசீலி வந்தாள்.

எங்கள் தங்கவயலிலேயே பாலகாட் பக்கத்தைச் சேர்ந்தவள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை. “எனக்கும் கத்துக் குடுக்கறீங்களாக்கா?” என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான்தான் முதல் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்!

அவளுக்கு அளவு வராது. மூலைக்கு மூலை சேராது. தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. மூன்றாம் மாதம் அவள் தைத்த பத்துப் பதினைந்து வரிசைகளை மடியில் விரித்தாள். பெட்டி முழுக்க எழுந்து வந்து பார்த்தது.

எப்படிச் சொல்வேன்... சாம்பல் வெள்ளை, அதன் பக்கத்தில் அழுக்குப் பழுப்பு, அதன் பக்கத்தில் யாரோ ஒரு பள்ளிப் பிள்ளையின் சீருடைப் பச்சை. எவரும் சேர்த்து வைக்கத் துணியாத நிறங்கள். தள்ளி நின்று பார்த்தால், மழை நின்ற சாயங்காலத்தில் சுரங்கக் கழிவு குவிந்த எங்கள் ஊர்ச் சயனைடு மண்மேடுகள் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் நாற்பத்தெட்டு வருடங்களாக அந்த மேடுகளைப் பார்க்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை? என் இரண்டு பெட்டிகளிலும் அந்த நிறங்கள் எல்லாமே இருந்தனவே!

“இன்னாடி இது, நம்ம ஊரே கீது இதுல!” என்றாள் பத்மா.

பத்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதி. அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கத்தின்போது பத்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்தக் குழந்தையின் மஞ்சள் ஃபிராக் ஒன்றைப் பத்மா பீரோவில் வைத்திருந்தாள். ஒருமுறை, அவளுக்காகவே ஒரு சின்னப் போர்வை செய்து தரலாம் என்று அந்த ஃபிராக்கைக் கேட்டேன். நல்லெண்ணத்தில்தான் கேட்டேன். நம்புங்கள்.

“அத மட்டும் கேக்காத ரோஸ்லின். இன்னா ஆனாலும் குடுக்க மாட்டேன்” என்றாள். நான் மறுபடி கேட்கவில்லை.

ஜெயசீலி கேட்கவே இல்லை. ஒரு நாள் காலை, வண்டி பங்காருப்பேட்டை தாண்டியதும், பத்மா தன் கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். மஞ்சள் துணி. வெள்ளைப் பூ.

“இந்தாம்மா. பீரோல வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன்... இதுல எங்கியாவது சேத்துடு.”

“அக்கா... நெஜமாவா?” ஜெயசீலி பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பத்மா அவள் தலையைத் தொட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஊசியைக் கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டேன். ரத்தம் வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

உங்களுக்குப் பொறாமை வந்திருக்கிறதா? எரியும் என்பார்கள். எனக்கு எரியவில்லை. குளிர்ந்தது. வயிற்றுக்குள் ஏதோ கல் மாதிரி குளிர்ந்து உட்கார்ந்துகொண்டது. ஜெயசீலி அந்த மஞ்சளைச் சின்னச் சின்ன அறுகோணங்களாக வெட்டி, சாம்பல் மேடுகளுக்கு நடுவே வைத்தாள். ஒரே இடத்தில் வைக்கவில்லை. இங்கொன்று, அங்கொன்று... வீடுகளில் விளக்குப் போட்டது போல. ஒவ்வொன்றாய்ச் சேரச் சேர, பத்மா விரலால் தொட்டு எண்ணுவாள். அப்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை, இத்தனை வருடச் சிநேகிதத்தில் நான் ஒரு தடவைகூட வரவழைத்ததில்லை.

அது நவம்பர். டிசம்பர் கண்காட்சிக்கு இன்னும் சில வாரங்கள். “நடுச் செவுத்துல ஜெயசீலியோடத போடலாமா?” என்று குழுவில் ஒருத்தி எழுதினாள். எல்லோரும் கைதட்டும் படம் அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன்!

அந்த வாரமே ஒரு நாள் காலை, வண்டியில் இருக்கும்போது, ஜெயசீலிக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது, சீக்கிரம் வரச் சொல்லி. வழக்கமாக எங்களோடு கடைசி நிலையத்தில் இறங்குகிறவள், அன்று அவசரமாகக் கன்டோன்மென்ட்டிலேயே இறங்கி ஓடினாள். சாப்பாட்டுப் பையை எடுத்தாள், குடையை எடுத்தாள். போர்வையை வைத்திருந்த நீலப் பையை மட்டும் மேலேயே மறந்துவிட்டாள்.

நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னல் என் கைக்கு எட்டும் தூரம். “ஜெயசீலி!” என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். வாய் திறந்தது... அது மட்டும் உண்மை. சத்தம் வரவில்லை.

கடைசி நிலையம் வந்தது. எல்லோரும் முண்டியடித்து இறங்கினார்கள். பத்மா குள்ளம். மேல்தட்டின் உள்பக்கம் அவள் கண்ணுக்குத் தெரியாது. வாசலில் நின்று திரும்பினாள்.

“ரோஸ்லின், மேல எதுனா கீதா பாரு!”

நான் நிமிர்ந்து பார்த்தேன். நீலப் பை.

“ஒன்னும் இல்ல. எறங்கு.”

நடைமேடையில் பத்தடி நடந்திருப்பேன். என் போன் அடித்தது. ஜெயசீலி என்று பெயர் வந்தது. வண்டி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது! அது அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பத்மாவின் போனில் அன்று சார்ஜ் இல்லை, அவளுக்கும் அடித்துப் பார்த்தாளாம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நான் எடுத்தேன்.

“அக்கா, என் பை... மேல வெச்சிருந்தேன்கா, பாத்தீங்களா?”

“ஐயோ, பாக்கலியேம்மா!”

என் குரலில் இருந்த பதற்றம் எனக்கே நிஜமாகத்தான் கேட்டது.

பிறகு நடந்ததுதான் இன்னும் கேவலம். இரண்டு நாள் அரை லீவு போட்டு அவளோடு அலைந்தேன். நிலைய அலுவலகம், தொலைந்த பொருள் வைக்கும் அறை, வண்டி கழுவும் இடம்... அவளுக்குக் கன்னடம் தடுமாறும் என்று எல்லா இடத்திலும் நானே பேசினேன். பையின் நிறம், அளவு, ஜிப் அறுந்திருந்த பக்கம் எல்லாம் சரியாகச் சொன்னேன். “ரோஸ்லின் அக்கா இல்லன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்” என்று குழுவில் எழுதினாள். அதற்கும் எல்லோரும் கைதட்டினார்கள்.

பை கிடைக்கவில்லை.

ஜெயசீலி பத்மாவின் காலைத் தொடக் குனிந்து அழுதாள். பத்மா அவளைத் தூக்கி நிறுத்தினாள். “போனா போவுது, வுடும்மா. துணிதான...” என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியவள் ஊர் வரும்வரை திரும்பவில்லை. மறுநாளிலிருந்து அவள் ஊசியும் கொண்டுவரவில்லை, துணியும் கொண்டுவரவில்லை. இன்றுவரை கொண்டுவரவில்லை.

அந்த டிசம்பரில் நடுச்சுவரில் என் போர்வை தொங்கியது. பத்மா வரவில்லை.

இத்தோடு முடிந்ததென்றால், ஒரு நிமிடத்துப் பலவீனம் என்று நீங்களாவது என்னை மன்னித்துவிடலாம். அதையும் தடுக்கிறேன். கேளுங்கள்.

நாலைந்து மாதம் கழித்து, நிலையத்தின் வெளியே நடைபாதையில் பூ விற்கும் ஒரு பெண்ணைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தைக்குக் கீழே... அந்தச் சாம்பல். அந்தப் பச்சை. அந்த மஞ்சள்.

அங்கேயே நின்றுவிட்டேன். பூ வேண்டுமா என்றாள். இரண்டு முழம் கேட்டேன். “இது நல்லாருக்கே, எங்க வாங்குனீங்க?” என்றேன்.

“வாங்கலம்மா. என் தங்கச்சி ரயில்வண்டி கூட்டுது. குப்பையோட கெடந்துச்சாம், எடுத்தாந்துச்சு. மேல்துணி மட்டுந்தான் இருந்துச்சு. அடியில பழைய பொடவ வெச்சு நான்தான் தெச்சேன்.” ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். பெரிய பெரிய ஓட்டுத்தையல், சிவப்பு நூலில். “நல்லாத் தெச்சிருக்கனா?”

“நல்லாருக்கு” என்றேன்.

நல்லாத்தான் இருந்தது! புழுதியில், பூத்தண்டுகளுக்கு நடுவே, குழந்தையின் மூத்திரக் கறையோடு... அங்கேயும் அது அழகாக இருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் ஒரு கணம் குனிந்து பார்த்துப் போனார்கள். என் போர்வையை அப்படி எவரும் நின்று பார்த்ததில்லை.

இதைக் கவனியுங்கள். அன்று நான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ‘ஜெயசீலி, உன் போர்வையைக் கண்டுபிடித்துவிட்டேன்’ என்று ஒரு வரி போதும். குழந்தைக்கு ஒரு புதுப் போர்வை கொடுத்து அதைக் கேட்டிருந்தால் அந்தப் பெண் கொடுத்திருப்பாள். பத்மா என்னைக் கட்டிக்கொண்டிருப்பாள். என் குற்றமும் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்!

சொல்லவில்லை. ஏன் தெரியுமா? அது திரும்பி வந்தால், அடுத்த டிசம்பரில் நடுச்சுவரில் அதுதான் தொங்கும்.

பத்து நாள் அந்த வழியாகவே போய் அதைப் பார்த்தேன். பூ வாங்கினேன். பதினோராம் நாள் அந்தப் பெண் அங்கே இல்லை. பிறகு வரவும் இல்லை.

ஜெயசீலி மறுபடி தைக்கிறாள். நான்தான் வற்புறுத்தி உட்கார வைத்தேன், என் டிரங்குப் பெட்டியைத் திறந்து விட்டேன். இப்போது அவள் அளவெடுத்து வெட்டுகிறாள். மூலைக்கு மூலை சேர்கிறது. தையல் எல்லாம் ஒரே நீளம். என் கை எது, அவள் கை எது என்று வித்தியாசம் தெரியாது. முடித்த வரிசையை என்னிடம் நீட்டி, “கரெக்டா இருக்காக்கா?” என்பாள். கரெக்ட்டாகத்தான் இருக்கிறது. உயிர் இல்லை.

நான் விரும்பியது இதுதானே... இருந்தும் பொறாமை தீர்ந்ததா? பெட்டியில் ஏறியதும் அவளுக்கென்று ஜன்னலோர இடம் விடுகிறார்கள், பாவம் என்று. தொலைத்தவள் என்பதால் கிடைக்கும் அந்தப் பரிவின் மீதும் எனக்குப் பொறாமை!

போன வாரம், தன்னை மறந்து, ஒரு சாம்பல் துண்டின் பக்கத்தில் செங்கல் சிவப்பு ஒன்றை வைத்துவிட்டாள். எந்தக் கணக்கிலும் வராத நிறம். பழைய கை திரும்பிவிட்டது!

“அது ஒட்டலியேம்மா. பிரிச்சிடு” என்றேன்.

பிரித்துவிட்டாள்.

இன்று காலை என் பக்கம் சாய்ந்து, “அக்கா, உங்க கட்டில் இன்னா சைஸு?” என்று கேட்டாள்.

“எதுக்கு?”

“சொல்லுங்களேன். நீங்க எனக்கு எவ்ளோ செஞ்சிருக்கீங்க... கிறிஸ்மஸுக்கு உங்களுக்குன்னு ஒன்னு தெக்கறேன்.”

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அப்போது பத்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள். “சொல்லேன் ரோஸ்லின். ஆசையா கேக்குது இல்ல?”

“அஞ்சுக்கு ஆறே கால்” என்றேன்.

ஜெயசீலி அதைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.