ஒரு புரமோசனும் எங்கூட்டுக்காரரு கையும்

எங்கூட்டுக்காரரு செங்கோட்டையனுக்கு வாய் பேசறதுக்கு முந்தி கை பேசிரும். திருச்செங்கோட்டுல ரிக் வண்டி வெச்சு ஆழ்துளைக் கெணறு போடற தொழில். வண்டிக்குக் குறுக்க டெம்போவ நிறுத்துனவன் மூக்கை ஒடச்சிருக்காரு. சீர்ல மரியாதை கொறஞ்சுதுன்னு சொந்தப் பங்காளியவே மண்டபத்துல போட்டு மிதிச்சிருக்காரு. கண்ணாலமான புதுசுல என் மேலயும் ஒருக்கா கைய ஓங்குனாரு. நான் அருவாமனையத் தூக்கிட்டு, “வாங்க, வந்து அடிங்க பாக்கலாம்”னேன். அதோட அந்தச் சோலி முடிஞ்சுது.

தங்கச்சி சௌந்திரம்னா மட்டும் அவருக்கு உசுரு. பிளஸ் டூ முடிச்சதும் மாப்பிள்ளை கொண்டாந்த பெரியப்பனை நெஞ்சுல கை வெச்சுத் தள்ளி, “அவ படிப்பா, போங்க”ன்னவரு. அவளும் படிச்சா. கெமிஸ்ட்ரில டாக்டர் பட்டம் வாங்கி, ராசிபுரம் தாண்டி ஒரு யுனிவர்சிட்டில உதவிப் பேராசிரியரா சேந்தா. ஆத்தூர்ப் பக்கத்துல ஜவ்வரிசி பண்ற சேகோ மில்லுக கழிவுத்தண்ணிய எப்படிச் சுத்தம் பண்றதுங்கறதுதான் ஆராய்ச்சி. எப்பப் பாரு துணில அந்தப் புளிச்ச நாத்தம்.

அடுத்தது இணைப் பேராசிரியர் புரமோசன். அதுக்கு ஒரு கமிட்டி ஒக்காரோணும். துணைவேந்தரு, டீனு, அவ துறைத்தலைவரு, அப்பறம் வெளியூர்ல இருந்து அந்தப் பாடம் தெரிஞ்ச ஒரு புரொபசரு. கட்டுரைகளைப் பாத்து, கேள்வி கேட்டு, முடிவ எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடோணும். வெளியூர்க்காரரு போடலீன்னா செல்லாது. ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. ரெண்டு தடவையும் காப்பி குடுத்து, ஊட்டுல சௌக்கியமான்னு கேட்டு, சிரிச்ச மொகமா அனுப்பிட்டாங்க. கடைசில பாத்தா, ‘பதில்கள் திருப்தியாக இல்லை’ன்னு எழுதியிருக்குது. கேள்வியே கேக்காம என்ன எழவு பதிலு? அவ கட்டுரைல தம்பேரையும் சேக்கலீன்னு துறைத்தலைவருக்குக் கடுப்பு, வேறொண்ணுமில்ல. இந்தத் தடவையும் இல்லீன்னா வேலையவே உட்டுர்றேன்னுட்டா சௌந்திரம். சொன்னா செய்யறவ.

அதனால மூணாவது தடவை நாங்களும் கூடப் போனோம். கேட்டுக்கு வெளிய காருல ஒக்காந்திருந்தோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்டாங்க, முடிவு எழுதறது சாப்பிட்டதுக்கு அப்பறம். சௌந்திரம் வேர்த்து விறுவிறுத்து வந்தா. கண்ணு செவந்து கெடந்துது.

“என்ன சாமி ஆச்சு?”ன்னாரு இவரு.

“தஞ்சாவூர்ல இருந்து கலையரசன்னு ஒருத்தர் வந்திருக்காருங்ணா. வெள்ளைத் தாடி. மத்தவங்கல்லாம் சிரிச்சுட்டு ஒக்காந்திருந்தாங்க. அவரு ஒருத்தர்தான் ஒவ்வொரு கட்டுரையா எடுத்து வெச்சு விடாமக் கேட்டாரு. தொண்டை வறண்டு போச்சு.”

ரிக் தொழில்ல, விக்கறதுக்கு நிக்கற வண்டிய ஒருத்தன் நாலு பேரு முன்னால நோண்டி நோண்டிக் கேக்கறான்னா, அவன் வண்டி பேரைக் கெடுக்க வந்தவன்னு அர்த்தம். அவனை அடிச்சுத்தான் தொரத்துவாங்க. எங்கூட்டுக்காரருக்குத் தெரிஞ்ச ஒலகம் அவ்வளவுதான்.

சௌந்திரம் மொகம் கழுவ ரோட்டோரக் கொழாய்க்குப் போனா, நானும் கூடப் போனேன். “அத்தனைக்கும் பதில் சொல்லிட்டேனுங்க நங்கையா”ன்னு சிரிச்சா. அண்ணன் பொண்டாட்டிய நாங்க நங்கையான்னுதான் கூப்பிடுவோம். திரும்பிப் பாத்தா காருல ஆளில்ல. சீட்டுக்கடியில கெடந்த, பைப் முறுக்கற இரும்பு ரிஞ்சும் இல்ல.

எதுத்தாப்புல டீக்கடை. அந்த வெள்ளைத் தாடிப் பெரிய மனுசரு கிளாசோட நின்னுட்டிருந்தாரு. “கலையரசன் நீதானா?”ன்னாரு இவரு. “ஆமாங்க”ன்னு அவரு வாய் மூடறதுக்குள்ள அந்த வாய் மேலயே எறங்குச்சு ரிஞ்சு. பல்லு தெறிச்சுது. கீழ உழுந்தவரு மொகத்தைக் காப்பாத்த வலது கையத் தூக்குனாரு. இவரு அந்தக் கை மேலயே போட்டாரு. மறுக்கா போட்டாரு. எலும்பு முறிஞ்ச சத்தம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுது. சட்டையெல்லாம் ரத்தம். நான் ஓடிப் போயி இவரு முடியப் புடிச்சு இழுத்தேன், தோள்பட்டையக் கடிச்சேன். மனுசனா இவன்? நாலு லாரிக்காரங்க வந்துதான் பிரிச்சாங்க. அதுக்குள்ள விலாவுலயும் மிதிச்சுட்டாரு. போலீசு வந்து இவரை ஜீப்புல ஏத்திட்டுப் போச்சு.

சேலத்துல ஆஸ்பத்திரி. சௌந்திரம் அந்தப் புரொபசரு கட்டில் பக்கத்துல நின்னா. வாய் வீங்கி, பேச்சு கொழறுச்சு அவருக்கு.

“போன ரெண்டு தடவையும் நீ பதில் சொல்லலைன்னு எழுதியிருந்தாங்கம்மா. இந்தத் தடவை ஒருத்தனும் அப்படி எழுதக்கூடாது. அதுக்குத்தான் அத்தனை கேள்வி கேட்டேன். அங்க ஒருத்தருக்கும் உனக்குக் குடுக்க மனசில்லை. சாப்பாட்டுக்கு அப்பறம் சண்டை போட்டுக்கலாம்னு இருந்தேன்.”

எனக்கு வெக்கமாவது மானமாவது. “கையெழுத்துக்குப் பதிலா இடது கைல ரேகை வெச்சுக் குடுத்துருங்க சாமி”ன்னு கேட்டே போட்டேன்.

அவரு கண்ண மூடிக்கிட்டாரு. “வெக்கலாம்மா. அடிக்குப் பயந்து போட்டான்னு ஊரே சொல்லும். அந்தக் கெட்ட பேரு இவ காலத்துக்கும் இவளை விடாது. என்னால முடியாது.”

சௌந்திரம் போர்வையச் சரி பண்ணி உட்டுட்டு வெளிய வந்தா. நேரா போலீஸ் ஸ்டேசனுக்குப் போகச் சொன்னா.

எங்கூட்டுக்காரரு பெஞ்சுல ஒக்காந்திருந்தாரு. தங்கச்சியப் பாத்ததும் மொகம் மலர்ந்துது பாருங்க, அதை நெனச்சா இப்பவும் எனக்கு ஆத்திரமா வருது, அழுகையும் வருது. “கெடச்சுருச்சா சாமி? இனி அந்தாளு வாயத் தொறக்க மாட்டான்.”

“எனக்குன்னு பேச அந்த ரூமுல ஒரே ஒருத்தர்தானுங்ணா இருந்தாரு”ன்னா சௌந்திரம். “அவரைத்தான் அடிச்சுட்டீங்க.”

இவரு என்னைப் பாத்தாரு, நான் இல்லைன்னு சொல்லுவேன்னு. நான் எதுக்குச் சொல்றேன்?

இன்ஸ்பெக்டரு, “குடும்பத்துக்குள்ள பேசிக்கறீங்களாம்மா?”ன்னு கேட்டாரு. சௌந்திரம் நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்தா.

“பேச ஒண்ணுமில்லீங்க. நான் கண்ணால பாத்தேன், எழுதிக்கங்க.”

“நீங்க யாரும்மா?”ன்னு என்னைக் கேட்டாரு.

“அவரு சம்சாரமுங்க. நானும் பாத்தேன்.”