செனட்டரின் பெருவிரல்

என் சமையலறை யன்னலோரத்தில் காய்ந்து இறுகிய பச்சைக் களி உருண்டை ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் களிதான். நடுவில் ஒரு பெருவிரல் பதிந்த பள்ளம். தூசி தட்டும்போதெல்லாம் எறிந்துவிடலாம் என்று நினைப்பேன்; எறிந்ததில்லை.

அந்த விரல் முன்னாள் அமெரிக்க செனட்டர் ஒருவருடையது. சோளம் விளையும் ஊரில் பிறந்து, வழக்கறிஞராகி, நான்கு தேர்தல்களில் வென்று, ஐந்தாவதில் தோற்று வீட்டுக்குப் போனவர். மனைவி இறந்தபின் ஒஸ்லோவில் மணமுடித்திருந்த மகளிடம் வந்து சேர்ந்தார். இரண்டாம் குளிர்காலத்தில் பக்கவாதம் வலது கையைப் பிடித்தது. நான் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பவள். செவ்வாய்தோறும் காலையில் ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் இறங்கி, வழுக்கும் ஏற்றத்தில் ஏறி அவரிடம் போவேன். சட்டைப் பொத்தானைத் தானே பூட்டவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. மண்டபம் நிறையப் பேசிய மனிதர் ஒரு பொத்தானோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டுவார். பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. நான் கொண்டுபோகும் களியை அழுத்தச் சொன்னால் அழுத்தும். நிமிரச் சொன்னால் அடம்பிடிக்கும்.

ஒருநாள், நான் எப்படி நோர்வேக்கு வந்தேன் என்று கேட்டார். மறைக்க என்ன இருக்கிறது, சொன்னேன். இலங்கையில் போர் நடந்தபோது அக்காவும் நானும் இங்கே வந்தோம். அண்ணா அமெரிக்காவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் கொழும்பில் காத்திருந்தார். மறுப்புத்தான் வந்தது. ஊருக்குத் திரும்பியவரைப் பிறகு யாரும் காணவில்லை.

செனட்டர் என் கையிலிருந்து தன் கையை இழுத்துக்கொண்டார். போர் நடக்கும் நாடுகளிலிருந்து கூடுதல் பேரை ஏற்கும் மசோதா ஒன்று அந்த நாட்களில் அவர்கள் சபைக்கு வந்ததாம். அங்கே எழுத்தரின் மேசைமுன் வந்து பெருவிரலை மேலே காட்டினால் சம்மதம், கீழே காட்டினால் இல்லை.

"தேர்தல் நெருங்கியிருந்தது. கீழே காட்டினேன். இந்த விரல்தான்," என்றார். "வேண்டுமானால் வேறொருவரை அனுப்பச் சொல்கிறேன்."

சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மசோதா வென்றிருந்தால் அண்ணா தப்பியிருப்பார் என்று யாரும் அடித்துச் சொல்லமுடியாது. ஆனாலும் எரிச்சலாக இருந்தது. அவருடைய நேர்மை மேலேயும் எரிச்சல், பேசாமல் இருந்திருக்கலாமே.

ஒஸ்லோவின் மறுகோடியில், புருசெத்தில் இருக்கும் அக்காவிடம், ஆளின் பெயரைச் சொல்லாமல், கதையைச் சொன்னேன். அக்கா தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்.

"நீ போகாட்டி அண்ணா திரும்பி வந்திடுவாரோ?"

"இல்லை."

"அந்தாள் இனி அந்த விரலாலை என்ன செய்யப்போறார்?"

"சேட்டுப் பொத்தான் பூட்டவேணுமாம்."

"அப்ப போய்ப் பூட்டப் பழக்கு. தானே வாய்திறந்து சொன்ன மனுசன், பாவம்."

சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே அழுதாள்.

அடுத்த செவ்வாய் அவர் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தார். "கையைத் தாருங்கள்," என்றேன். பையிலிருந்து மெல்ல எடுத்துத் தந்தார்.

ஏற்றத்தில் பனி கரைந்து போயிருந்த ஒரு காலை, களியில் அழுந்தியிருந்த விரல் நடுங்கி நடுங்கி எழுந்து மேலே நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மிகவும் பிந்திவிட்டது," என்றார்.

"ஓம்," என்றேன், என்னையறியாமல் தமிழில். பிந்தவில்லை என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. பிடித்திருந்த கையை மட்டும் விடவில்லை. அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு அன்புதான் இருந்தது.

கோடை முடியுமுன் அவர் இறந்துபோனார். அன்று காலையும் சட்டையைத் தானே பூட்டினார் என்று மகள் சொன்னாள்.

யன்னலோரக் களியில் இருப்பது அவர் கீழே அழுத்திய தடம். நிமிர்ந்த விரல் எங்கும் தடம் விடவில்லை. அது எழுந்ததைப் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான்.