எங்கள் அக்காவுக்காகப் பட்டினி கிடந்தவர்களுக்கு

அக்கா கர்த்தரிடம் சென்று ஓராண்டு நிறைகிற இந்த நாளில், ஜெப ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபை மக்களுக்கும், பல்கலைக்கழகத்திலிருந்து தூரம் பாராமல் வந்திருக்கும் ஐயாமார் அம்மாமாருக்கும் என் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பாறசாலையில் டயர் கடை நடத்துகிறவன் நான். கூடப் பிறந்தவன் நீதான், நீயே எழுது என்று போதகர் சொல்லிவிட்டார்கள். எழுத உட்கார்ந்த பிறகுதான், வழக்கமாக எழுதுகிற நல்ல வார்த்தைகளை மட்டும் எழுதிவிட்டு எழும்ப என்னால் ஆகாது என்று தெரிந்தது. படித்துவிட்டுச் சிலருக்கு வருத்தம் வரும். அவர்களிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா குளத்தூரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார்கள். அப்பா பேருந்து ஓட்டுநர். வீட்டுக்குள் தமிழ், ரோட்டில் இறங்கினால் மலையாளம். அக்காவுக்கு இரண்டிலும் முதல் மதிப்பெண், எனக்கு இரண்டிலும் அடி. அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டபடியால், அம்மாவின் அக்காவான பெரியம்மாதான் எங்களை வளர்த்தார்கள். வளர்த்தார்கள் என்றால் ஊட்டினார்கள் என்று அர்த்தம். பரீட்சைக்குப் போகும்போதும் புட்டு, பரீட்சையில் தோற்று வரும்போதும் புட்டு. தோற்று வந்தது நான், பக்கத்தில் இருந்து தின்றது அக்கா.

அக்கா கல்லூரியில் உயிர்வேதியியல் எடுத்தார்கள். அது என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கு, தின்ற சோறு உள்ளே போய் என்ன ஆகிறது என்கிற படிப்பு என்று அப்பா சொல்வார்கள். அக்கா முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்து, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பிரேக் மிதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றின கால். ஆஸ்பத்திரியில் கால் பார்க்க ஒருவர், கண் பார்க்க ஒருவர், சிறுநீரகம் பார்க்க ஒருவர் என்று வந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் எழுதினது மற்றவருக்குத் தெரியாது. வீட்டில் இந்த மனிதர் என்ன தின்கிறார், யார் ஆக்கிப் போடுகிறார்கள் என்று கேட்க ஆளே இல்லை. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, "இவிய எல்லாரும் ஒரு மேசையில இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு" என்று அக்கா என்னிடம் சொன்னார்கள்.

அந்த ஒரு மேசையைப் போடத்தான் அக்கா தன் ஆயுசில் பாதியைச் செலவழித்தார்கள். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆன நாளிலிருந்து, உடல் பருமனுக்கும் வளர்சிதை மாற்றத்துக்குமாக ஓர் ஆய்வு மையம் வேண்டும் என்று ஏறாத படி இல்லை, கும்பிடாத ஆள் இல்லை. மருத்துவர், உணவியல் படித்தவர், உடற்பயிற்சித் துறைக்காரர், சமூகவியல்காரர், புள்ளியியல்காரர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். கூரை கிடைத்துவிட்டது, ஆட்களை இருத்துவதுதான் பெரும்பாடு. ரத்த மாதிரி வைக்கும் குளிர்பெட்டி யாருடைய அறையில் இருப்பது என்று ஒரு மழைக்காலம் முழுவதும் சண்டை. கடைசியில் அக்கா அதை வராந்தாவில் வைத்து, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லையே என்று அக்காவைக் கேட்காத உறவினர் இல்லை. அந்த மையத்தில் இருந்த மாமியார் சண்டையை அவர்கள் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

மையம் தொடங்கியதும், அதன் முக்கிய வேலையை அக்கா நம் ஊரில்தான் வைத்தார்கள். ஒரே குடும்பங்களை ஆண்டுதோறும் பார்த்து, எடை எடுத்து, இடுப்பு அளந்து, ரத்தம் எடுத்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதுவது. ஆலயத்தின் பழைய ஞாயிறு பள்ளிக் கட்டடத்தைச் சபை இலவசமாகத் தந்தது. யாரும் வரமாட்டார்கள் என்று நான் நினைத்தேன். நம் ஆட்கள் எடை சொல்வார்களா? முதல் நாள் பெரியம்மாதான் செருப்பைக் கழற்றி, கழுத்துச் சங்கிலியையும் கழற்றி என் கையில் தந்துவிட்டு, எல்லாரும் பார்க்க எந்திரத்தில் ஏறி நின்றார்கள். அதன்பிறகு குளத்தூரும் வந்தது, திருப்புறத்திலிருந்து சம்பந்தக்காரரும் வந்தார்கள். அழைத்தவர்களில் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை. வேறு எந்த ஊரிலும் இப்படி வந்ததில்லை என்று பல்கலைக்கழகத்தில் ஆச்சரியப்பட்டார்கள்.

சில ஆண்டுகள் போனதும் ஒரு விசித்திரம் தெரிந்தது. நம் ஊர்க்காரர் சொல்கிற சாப்பாடு மிகவும் குறைவு. ஒவ்வொரு தடவையும் எடை கொஞ்சம் இறங்கியே இருந்தது. ஆனால் மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை மட்டும் ஆண்டுக்காண்டு மேலே போனது. கொஞ்சமாகத் தின்கிறவர்களுக்குச் சர்க்கரை ஏன் ஏறுகிறது? அக்கா தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். மரபணுவாக இருக்குமா, தண்ணீரா, மண்ணா, இந்த எல்லைப் பக்கத்து உடம்பின் வாகா என்று ஒவ்வொரு துறையும் இறங்கியது. அதுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள் ஒருவர் அறைக்கு ஒருவர் சாயா கொண்டுபோகத் தொடங்கினார்கள். "இப்பம்தாண்டே அது ஒரு சென்டரு ஆச்சு" என்று அக்கா சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கேள்வியை வைத்துத்தான் மையத்துக்கு நிரந்தர அங்கீகாரம் கேட்டிருந்தார்கள். நிபுணர் குழு வர நாள் குறித்தாயிற்று.

அப்போதுதான் பனச்சமூட்டில் சித்தி மகளின் கல்யாணம். பந்தியில் அக்காவுக்கு ஒரு பக்கம் பெரியம்மா, மறுபக்கம் நான். பாயசம் விட்டுக்கொண்டு வந்தார்கள். பெரியம்மா கேட்டார்கள்:

"மக்கா, இனி எப்பம் டெஸ்டுக்கு வருவினும்?"

"அடுத்த மாசம் பெரியம்மா. என்னத்துக்கு?"

"முன்கூட்டிச் சொல்லணும் கேட்டியா. போன தடவ சட்டுன்னு சொல்லிப்போட்டிய. எங்களுக்குக் குறைக்கதுக்கு நேரம் கிட்டல்ல."

"என்னத்தக் குறைக்கதுக்கு?"

"தீனியத்தான், பின்ன என்னத்த? டெஸ்டு வருதுன்னா எங்க வீட்டுல அரிச்சோறு வேவாது ஆக்கும். அடுத்த வீட்டுல உனக்க சித்தப்பன் வெறும் சுக்குவெள்ளத்தக் குடிச்சிட்டுக் கெடப்பாரு. போன தடவ சர்க்கரைக் குளிகையும் தின்னுட்டு வெறும் வயித்துல நடக்கப் போயி, கண்ண இருட்டி ரோட்டுல விழுந்தாரு. உனக்கிட்டச் சொல்லப்பிடாதுன்னு சொன்னாரு."

அக்கா மெதுவாகக் கேட்டார்கள், "அப்பம் எங்க சென்டருப் பிள்ளைய வந்து என்ன தின்னியன்னு கேக்கும்போ?"

"கொறச்சுத்தான் சொல்லுவோம். எங்களுக்க பிள்ளைக்க சென்டரத் தோக்க விடுவமா?"

பெரியம்மாவின் முகத்தில் அவ்வளவு பெருமை. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும்போது வாத்தியாருக்குக் கெட்ட பெயர் வராமல் பிள்ளைகள் ஒழுங்காக உட்கார்வது போல, ஊரே ஒழுங்காக இருந்திருக்கிறது. நாம் மெலிந்தால் அவள் ஜெயிப்பாள் என்று நினைத்திருக்கிறார்கள். யாரும் யாரையும் கூட்டிவைத்துப் பேசவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவரவருக்கே தோன்றியிருக்கிறது. நாலு நாள் பட்டினியில் எடை இறங்கும், மூன்று மாதச் சர்க்கரை இறங்காது; அந்த விசித்திரம் அவ்வளவுதான். அக்கா பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் பிசைந்து, இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். நான்தான் பாதியில் இலையை மூடினேன்.

திரும்பி வரும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். "யாருக்குத் தெரியும்? சும்மா இரி. குழு வந்துட்டுப் போகட்டு" என்றேன். அக்கா கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்சாச்சே" என்றார்கள். வெள்ளறடை தாண்டியதும் அக்கா சொன்னார்கள்: "அவியகிட்ட ஒண்ணும் சொல்லப்பிடாது. தெரிஞ்சா வெஷமப்படுவினும்."

குழு வந்தபோது, நம் ஊர்க் கணக்கு முழுவதும் பயன்படாது என்று அக்காவே எழுந்து நின்று சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு, அளந்த விதத்தில் தவறு, பொறுப்பு என்னுடையது என்றார்கள். ஊரைக் காட்டிக்கொடுக்கவில்லை. நிரந்தர அங்கீகாரம் கிடைக்கவில்லை. விசித்திரம் போனதும் ஒவ்வொரு துறையும் தன் தன் கட்டடத்துக்குத் திரும்பியது. அந்தக் குளிர்பெட்டி ஒருநாள் மினி லாரியில் ஏறிப் போனதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு அறை மட்டும் மிஞ்சியது. அதில் அக்காவும், அக்காவின் கீழ் ஆராய்ச்சி செய்த மாணவி ஒருவரும் இருந்தார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். யார்மேல் காட்டுவது? பட்டினி கிடந்தவர்கள்மேலா? சித்தப்பா ரோட்டில் விழுந்தது அக்காவுக்காக. உண்மையைச் சொன்ன அக்கா மேலா? வீட்டுக்கு வருகிறவர்கள், "சென்டரு எப்பிடிப் போகுது மக்கா" என்று கேட்பார்கள். "போகுது" என்பார்கள் அக்கா. நான் எழுந்து கடைக்குப் போய்விடுவேன்.

பிறகு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. தெரிந்தபோதே பரவியிருந்தது. திருவனந்தபுரத்துக்கும் வீட்டுக்குமாக வண்டி ஓட்டினதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் இருக்கவில்லை. சோறு உள்ளே போய் என்ன ஆகிறது என்று படித்தவர்களுக்கு, கடைசியில் சோறு உள்ளே போகவில்லை. ஊர் முழுவதும் தூக்குப்பாத்திரத்தோடு வந்தது. மரச்சீனிக் கிழங்கும் மீனும், இடியாப்பம், ஆட்டுக்கால் சூப்பு. நான் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வேன். வந்தவர்கள் அறையை விட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அவர்களைத் தேற்றுவதா, நான் அழுவதா என்று தெரியாமல் நிற்பேன்.

ஒருநாள் பெரியம்மா கஞ்சியும் பயறும் கொண்டுவந்து, ஒரு வாய் குடிக்காமல் நகரமாட்டேன் என்று கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா, "தம்பி தருவான், நீங்க போய் ஜெபம் பண்ணுங்க" என்று அவர்களை முன்னறைக்கு அனுப்பினார்கள். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்கள். கிண்ணத்தை எடுத்துப் பின்வாசலுக்குப் போய் ஊற்றிவிட்டு வந்தேன். பெரியம்மா திரும்பி வந்து காலிக் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

"குடிச்சியா மக்கா?"

"குடிச்சாச்சு பெரியம்மா. நல்லா இருந்து."

பெரியம்மா சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். அந்த வாரக் கடைசியில் அக்கா போய்விட்டார்கள்.

நன்றி சொல்ல வேண்டும். கட்டடம் தந்த சபைக்கும், கூடவே இருந்து ஜெபித்த போதகருக்கும், வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மருத்துவர் தாதியருக்கும், அந்த இரண்டு அறையைப் பூட்ட விடாமல் இன்றுவரை வைத்திருக்கும் மாணவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பட்டினி கிடந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை. அப்படி ஓர் அன்பு யாருக்குக் கிடைக்கும்?

அக்கா சொல்ல வேண்டாம் என்றதை நான் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், அந்த மாணவி மறுபடியும் அனுமதி வாங்கிவிட்டார். அடுத்த வாரம் முதல் அவருடைய ஆட்கள் நம் ஊரில் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். போன ஞாயிறு ஆராதனையில் இதை அறிவித்தார்கள். வெளியே வந்ததும் பெரியம்மா என் கையைப் பிடித்து, "இந்தத் தடவயும் உனக்க அக்காவுக்க பேரு கெடப்பிடாது மக்கா. நான் நாளைக்கே அரிச்சோற நிறுத்தப் போறேன்" என்றார்கள். பின்னால் நின்ற சித்தப்பா தலையை ஆட்டினார்கள். அந்த இடத்தில் வாய் திறந்து சொல்ல முடியாமல் போனதால்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் செய்தது தவறு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு தடவை அந்த மாணவிப் பிள்ளையால் அக்காவைப் போல எழுந்து நின்று அப்படிச் சொல்ல முடியாது.

இன்று ஆராதனை முடிந்ததும் பந்தி உண்டு. சோறும் மீனும் இறைச்சியும் இரண்டு பாயசமும் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் இருந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். அடுத்த வாரம் பிள்ளைகள் வந்து கேட்கும்போது, தின்றதைத் தின்றபடியே சொல்ல வேண்டும். பெரியம்மா, உங்களுக்குக் கண் சரியாகத் தெரியாது, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். என்மேல் வருத்தப்படாதீர்கள். இதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதல் பந்தியில் உங்கள் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன்.